கடலோடி பதில்கள்: ஆழத்தில் நங்கூரம்

கேள்வி (தொண்டி வாசகர்): என் சிநேகிதர் கொச்சியிலிருந்து 38 அடி பாய்ப்படகில் வருகிறார். பாம்பன் பாலம் திறக்கும்வரை தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் காத்திருக்க வேண்டும். கையில் 40 மீட்டர் சங்கிலி இருக்கிறது. தீவை ஒட்டி ஆழம் குறைந்த இடத்தில் நங்கூரம் போடலாமா, இல்லை வெளியே 20 மீட்டர் ஆழத்தில் போடலாமா?

பதில்: வெளியேதான் போட வேண்டும். ஆழம் குறைவு என்று குருசடைத் தீவை ஒட்டிப் போனால் அடியில் இருப்பது பார், அதாவது பவளப்பாறை. பாரில் நங்கூரம் பிடிக்காது, சிக்கத்தான் செய்யும். காற்று திசை மாறினால் சட்டென்று கழன்றுவிடும். சில சமயம் எடுக்கவே வராது. அது படகுக்கு வரும் கேடு. பவளத்துக்கு வருவது இன்னும் பெரிது. ராத்திரி முழுக்கச் சங்கிலி உரசிய இடத்தில் பவளம் நொறுங்கிக் கிடக்கும். குண்டுப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். இங்கிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். அதற்குள் நங்கூரம் இறக்கவே கூடாது. நான் பாம்பனில் பிறந்தவன், இந்தப் பார்களில் நீந்தி வளர்ந்தவன். அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

சரி, 20 மீட்டருக்கு வருவோம். அணியத்தின் (படகின் முன்முனை) உயரத்தையும் சேர்த்தால் 21 மீட்டருக்கு மேல். 40 மீட்டர் சங்கிலி அதற்கு இரண்டு மடங்குகூட வராது. மண்வெட்டியைத் தாழ்வாக இழுத்தால் மண்ணைக் கவ்வும், மேல்நோக்கி இழுத்தால் கழன்று வரும். நங்கூரமும் அப்படித்தான். இழுப்பு தரையோடு தரையாக இருக்க வேண்டும். முழுக்கச் சங்கிலியாக இருந்தால், ஆழத்தைப் போல ஐந்து மடங்கு விட்டாலே பெரும்பாலும் போதும். கயிறு சேர்ந்தால் ஆறு, ஏழு மடங்கு வரை போக வேண்டும். உங்கள் சிநேகிதரிடம் சங்கிலியின் நுனியில் 100 மீட்டர் நைலான் கயிறு கட்டச் சொல்லுங்கள். மொத்தம் 140 மீட்டர், ஆறரை மடங்கு வந்துவிடும். நம் வல்லங்களில் புழங்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு இதற்கு ஆகாது. அது மிதக்கும், பக்கத்துப் படகைத் தள்ளும் என்ஜின் காற்றாடியில் சுற்றும். நைலான் தண்ணீரில் அமிழும், இழுபடும்போது நீண்டு கொடுத்து அலையின் அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

போடும் முறையில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். படகைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்தி, சங்கிலியைப் பிடித்துப் பிடித்து இறக்க வேண்டும். மொத்தமாக அவிழ்த்துவிட்டால் நங்கூரத்தின் மேலேயே குவியலாக விழுந்து சுற்றிக்கொள்ளும். தரை தட்டியதும் காற்றே படகைப் பின்னால் தள்ளட்டும். மூன்று மடங்கு போனதும் லேசாக நிறுத்திப் பிடிக்க விடுங்கள், அப்புறம் மிச்சத்தை விடுங்கள். கடைசியில் என்ஜினைப் பின்னோக்கி மெதுவாக ஏற்றி ஒரு நிமிடம் இழுத்துப் பார்க்க வேண்டும். கரையில் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு அடையாளங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள், முன்னால் ஒரு பனை, பின்னால் ஒரு கோபுரம் என்று. இரண்டும் விலகாமல் நின்றால் பிடித்துவிட்டது. கயிற்றின் மேல் கை வையுங்கள். தடதடவென்று அதிர்ந்தால் நங்கூரம் உழுதுகொண்டு வருகிறது என்று அர்த்தம். எடுத்துத் திரும்பப் போடுங்கள், சோம்பல் வேண்டாம்.

இன்னொன்று. 140 மீட்டர் விட்ட படகு காற்று மாறினால் அத்தனை பெரிய வட்டம் அடிக்கும். அந்த வட்டத்துக்குள் வேறு படகோ வலையோ இருக்கக் கூடாது. தூக்கும்போது 10 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு இரண்டே கால் கிலோ. 20 மீட்டர் செங்குத்தாகத் தொங்க, நங்கூரமும் சேர்ந்தால் தண்ணீருக்குள்ளேயே 50 கிலோவுக்கு மேல். கையால் இழுத்து முதுகைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், சங்கிலியைச் சுற்றித் தூக்கும் சுழல்பொறி நல்ல நிலையில் இருக்கிறதா என்று கொச்சியிலேயே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஓதத்தில் கடல்மட்டம் ஏறுவதற்காகவே பல மீட்டர் கூடுதலாக விட வேண்டும். நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும், அந்தக் கவலை இல்லை. பருவம்தான் முக்கியம். வாடைக் காலத்தில் வந்தால் தென்கடல் அமைதியாக இருக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் அதே இடம் அலையில் கொதிக்கும், அப்போது வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி (மண்டபம் வாசகர்): அடியில் மணலா, பாரா என்று கருவி இல்லாமல் தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். அடியில் சின்னக் குழி உள்ள ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி, குழியில் துணி சோப்பை அப்பி இறக்குங்கள். மணலோ சேறோ சோப்பில் ஒட்டி வரும். ஒன்றும் ஒட்டாமல் கீறல் மட்டும் விழுந்திருந்தால் அது பார், நகர்ந்துவிடுங்கள். பழைய மாலுமிகளின் முறை, இன்றைக்கும் பொய் சொல்லாது. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யாமல், சுற்றிலும் நாலைந்து இடத்தில் இறக்கிப் பாருங்கள்.

கேள்வி (கீழக்கரை வாசகர்): நாட்டுப்படகில் இருக்கும் நாலு கொக்கி நங்கூரம் பெரிய பாய்ப்படகுக்குப் போதுமா?

பதில்: போதாது. கொக்கி மெலிது, மணலைக் கீறிக்கொண்டே வந்துவிடும். அகன்ற தகடு உள்ள நங்கூரம்தான் மணலில் புதைந்து நிற்கும். 38 அடிப் படகுக்கு 20 கிலோவுக்குக் குறையாமல் வாங்குங்கள்.