தேங்காய் எண்ணெய் விட்ட பூட்டு காலையில் இறுகுவது ஏன்?

ஊட்டி வீட்டின் வாசற்கதவுப் பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டதாகவும், அதன்பின் காலையில் சாவி திரும்ப மறுத்து, வெயில் ஏறியதும் தானே சரியாகிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பூட்டை மாற்ற வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பதால், சாவி நுழையும்போது ஏறி இறங்க வேண்டிய சிறு ஊசிகளும் அவற்றைத் தள்ளும் மெல்லிய சுருள்வில்களும் விடியற்குளிரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன.

முதலில் அந்த எண்ணெயை வெளியேற்றுங்கள். 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்ட டபிள்யூடி-40 என்ற ஸ்பிரே பிசுக்கையும் நன்றாகக் கரைக்கும். அதைச் சாவித்துளைக்குள் அடித்து, சாவியைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்து, ஒவ்வொரு முறையும் பழந்துணியில் துடையுங்கள். துணியில் கறுப்பு படிவது நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும். (அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.) ஒரு நாள் உலரவிட்டு, டெஃப்லான் கலந்த உலர் மசகு ஸ்பிரேயைச் சிறிதளவு அடித்தால் போதும். கிராஃபைட் தூளும் நல்லதுதான். ஆனால் மிச்சமிருக்கும் எண்ணெயுடன் குழைந்து அது மைபோல் அப்பிக்கொள்ளும் என்பதால், உங்கள் பூட்டுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் காருக்கு எதைப் போடலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். கதவுக் கீல்களுக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ் பொருந்தும். கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பள்ளத்துக்குச் சிலிக்கோன் ஸ்பிரே மட்டுமே போடுங்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் நாளடைவில் உப்பிவிடும்.