தீபாவளிக்குப் போனவர்கள் ஏன் திரும்பவில்லை? ஆள் நிர்வாகம்: கேள்வி-பதில்

கேள்வி: திருப்பூரில் 60 டெய்லர்களோடு பனியன் யூனிட் நடத்துகிறோம். தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களில் கால்வாசிப் பேர் திரும்புவதில்லை. இந்த முறை பாதியைப் பிடித்துவைத்துப் பொங்கலுக்குக் கொடுக்கலாமா?

கூடாது. கணக்காண்டு மார்ச் 31-ல் முடிகிறது என்றால் போனஸ் முழுவதும் 8 மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30-க்குள் கைக்குப் போய்விட வேண்டும். பொங்கல் அந்தக் கெடுவைத் தாண்டிவிடுகிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். போனஸைப் பிடிக்கிற யூனிட் என்று பெயர் வந்துவிட்டால், அடுத்த சீசனில் கை தேர்ந்த டெய்லர் எவரும் உங்கள் வாசலை மிதிக்க மாட்டார்.

முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். கடந்த 12 மாதத்தில் நின்றவர்களின் பெயர், சேர்ந்த தேதி, நின்ற தேதி, மெஷின், லைன் (அவர் உட்கார்ந்த மெஷின் வரிசை). பெரும்பாலோர் சேர்ந்த 90 நாளுக்குள் போயிருந்தால் கோளாறு ஆள் எடுக்கும் இடத்தில்: சொன்ன கூலி ஒன்று, கிடைத்தது வேறு, அல்லது தங்குமிடம் சரியில்லை. ஒரே லைனில் குவிந்திருந்தால் அந்த லைன் சூப்பர்வைசர் பேசும் பேச்சைப் போய்க் கேளுங்கள். இரண்டு மூன்று வருடம் இருந்தவர்கள் போயிருந்தால் பக்கத்து யூனிட்டின் பீஸ் ரேட்டை (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியை) விசாரியுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு.

வருகை ஊக்கத்தொகையையும் பாருங்கள். பல யூனிட்டுகளில் அதுவே லீவை வளர்க்கிறது. மாதம் முழுக்க வந்தால் 1,500 ரூபாய் என்று விதி. 4-ம் தேதி குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நின்றவருக்கு அந்தத் தொகை அன்றே போயிற்று. இனி அந்த மாதத்தில் இன்னும் மூன்று நாள் நின்றாலும் கூடுதலாக இழக்க ஒன்றுமில்லை. அதையே வாரம் 350 ரூபாயாகப் பிரித்துச் சனிக்கிழமைக் கூலியோடு கொடுத்தால், திங்கட்கிழமை கணக்கு புதிதாகத் தொடங்கும். பிளாட்லாக் என்ற தையல் மெஷினில் ஒரு ஆள் வராவிட்டால் அவருக்குப் பின்னால் இருக்கிறவர்கள் எல்லாரும் துணிக்காகக் காத்திருப்பார்கள் என்பதால், இந்த 350 ரூபாய் பெரிய செலவல்ல.

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்கிறோம். 24 மணி நேரமும் ஓடும் லேத்துக்கு இரண்டு ஆள், ஆளுக்கு 12 மணி. மூன்றாவது ஆளைவிட ஓ.டி. (கூடுதல் நேர வேலை) மலிவுதானே?

ஓ.டி.க்கு ஒற்றைக் கூலி கொடுத்தால் மலிவாகத் தெரியும். சட்டப்படி இரட்டைக் கூலி. மாதம் 18,000 ரூபாய், 26 நாள் என்றால் நாள் கூலி 692. நான்கு மணி நேர ஓ.டி.யும் 692. ஆக இரண்டு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,769 ரூபாய். எட்டு மணி வீதம் மூன்று ஆளுக்கு 2,077. பி.எஃப். (வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), போனஸுக்காக அடிப்படைக் கூலியில் கால்பங்கு கூட்டிக்கொண்டாலும் முதலாவது 3,115, இரண்டாவது 2,596. போதாததற்கு 6 நாளில் 72 மணி ஆகிறது. சட்டம் அதற்கு இடம் தரவில்லை.

இரண்டு வாரம், தேறாமல் ஒதுக்கும் பாகங்களை, அதாவது ரிஜெக்‌ஷனை மணிவாரியாக எழுதிப் பாருங்கள். கடைசி மணிகளில் ஏறினால் உடனே ஆளைக் குறை சொல்ல வேண்டாம், இன்செர்ட் (உலோகத்தைச் சீவும் வெட்டுமுனை) தேய்ந்திருக்கலாம். சில நாள் ஷிப்ட் நடுவில் இன்செர்ட்டை மாற்றுங்கள். அப்போதும் ஏறினால் அது களைப்பு.

கேள்வி: சென்னையில் மென்பொருள் நிறுவனம். 8 பேர் கொண்ட என் டீமில் ஒருவரைக் கட்டாயம் கடைசி ரேட்டிங்கில் போடச் சொல்கிறார்கள். சரியா?

இத்தனை சதவீதம் பேர் கடைசி ரேட்டிங்கில் இருக்க வேண்டும் என்று ஆயிரம் பேருக்குப் பொருந்தக்கூடிய விகிதத்தை எட்டுப் பேர் மேல் திணிப்பது கணக்காகவே தப்பு. விளைவும் தெரிந்ததுதான். கெட்டிக்காரர்கள் ஒரே டீமில் சேர மறுப்பார்கள். மேனேஜர்கள் ரேட்டிங்குக்குப் பலி கொடுக்கவே ஒருவரை வைத்துக்கொண்டிருப்பார்கள். மைக்ரோசாஃப்ட் இந்த முறையை 2013-லேயே கைவிட்டது.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் முடிக்க வேண்டிய மூன்று நான்கு வேலைகளை எழுதி வாங்குங்கள். காலாண்டுக்கு ஒருமுறை அரை மணி நேரம் பேசி, பேசியதைத் தேதியோடு குறியுங்கள். ரேட்டிங் கூட்டத்தில் அந்தக் குறிப்பை வைத்துத்தான் வாதாட முடியும். இன்க்ரிமென்ட் பேச்சையும் குறை சொல்லும் பேச்சையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். தொகை காதில் விழுந்தபின் மற்றது எதுவும் ஏறாது.

கேள்வி: துணிக்கடையில் 3 வருடமாக சேல்ஸில் இருக்கிறேன். சம்பளம் 14,000, இ.எஸ்.ஐ. உண்டு. முதல் குழந்தை உண்டாகியிருக்கிறது. 'எழுதிக் கொடுத்துவிட்டுப் போம்மா, பிறகு சேர்த்துக்கொள்கிறோம்' என்கிறார்கள்.

ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். இதற்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்) 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் 26 வாரம் முழுக் கூலியையும் இ.எஸ்.ஐ. தரும். கடைக் கல்லாவிலிருந்து ஒரு ரூபாயும் போகாது. இதை முதலாளியிடம் சொல்லுங்கள், பலருக்கு இது தெரியவே தெரியாது. ராஜினாமா செய்தால் 5 வருடத்தில் வரவேண்டிய கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணப்படும்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-லேயே சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. இந்த மாதங்களில் அதையும் கேட்டு வாங்குங்கள்.