சுவருக்குப் பலகை அடிக்க 15 வருடக் கடனா?

கேள்வி: கார் ஷெட்டை மரவேலைப் பட்டறையாக மாற்றியிருக்கிறேன். வெயில் நேரத்தில் உள்ளே நிற்க முடியவில்லை. நான்கு சுவருக்கும் ஸ்ப்ரே ஃபோம் (சுவரில் தெளித்ததும் நுரையாகப் பொங்கி இறுகும் வெப்பத்தடுப்பு) அடிக்கச் சொல்லி, அட்வான்ஸும் கேட்கிறார் என் மைத்துனர், அவருக்குத் தொழிலே அதுதான். வீட்டுக்கடனில் டாப்-அப் (இருக்கும் கடனோடு சேர்த்து வாங்கும் கூடுதல் கடன்) வாங்கலாமா? மேசை ரம்பத்துக்கான தவணை இன்னும் 5 மாதம் இருக்கிறது.

பதில்: உங்கள் சுவரை விட எனக்குக் கவலை தருவது அந்தக் கடைசி வரிதான். ரம்பத்துக்குத் தவணை, அது முடியும் முன்பே சுவருக்கு டாப்-அப், அப்புறம் தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கு இன்னொன்று. ஆசைப்பட்டதை எல்லாம் தவணையாக மாற்றும் இந்தப் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள்.

டாப்-அப்பில் வட்டி குறைவு என்பீர்கள். சரி, 9 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம், 15 வருடத்துக்கு நீட்டினால் வாங்கிய ஒவ்வொரு 100-க்கும் கிட்டத்தட்ட 182 கட்டுவீர்கள். அதே 100-ஐ 14 சதவீதத்தில் வாங்கி ஒரே வருடத்தில் அடைத்தால்கூட 108-க்குள் முடிந்துவிடும். மாதத் தவணை சின்னதாகத் தெரிவதுதான் ஏமாற்று.

இப்போது சுவர். எந்த வெப்பத்தடுப்பு வைத்தாலும் அதன் மேல் பலகை அடித்து மூடவேண்டும், எனவே பலகைக் கணக்கு முதலில். 6-க்கு 3.5 மீட்டர் அறை, உயரம் இரண்டரை என்றால் சுற்றுச்சுவர் 47 சதுர மீட்டர் சொச்சம், வண்டிக் கதவைக் கழித்தால் 42. எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்று ஏறக்குறைய 3 சதுர மீட்டர், ஆக 14 பலகை, வெட்டி வீணாவதற்கு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். நீளச் சுவர்களில் ஒன்று வீட்டோடு ஒட்டியிருந்தால் அதற்கு வெப்பத்தடுப்பே அவசியமில்லை, வெப்பத்தடுப்புச் செலவில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. இதை மைத்துனர் சொன்னாரா?

ஃபோம் நல்ல பொருள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது எரியும். மரத்தூளும் கிரைண்டர் பொறியும் பறக்கிற இடத்தில் அதைத் திறந்தபடி விடவே கூடாது, மேலே ஜிப்சம் பலகை அடித்தே ஆகவேண்டும், ஆகப் பலகைச் செலவு அதிலும் மிச்சமாகாது. இயந்திரத்தோடு ஆள் வந்து ஒரே மூச்சில் அடித்துவிட்டுப் போகிற வேலை என்பதால் மொத்தப் பணமும் ஒரே நாளில் வேண்டும், உங்களைக் கடனுக்குத் தள்ளுவதே அதுதான். பாறைக் கம்பளியை (பாறையை உருக்கி இழையாக்கிச் செய்யும் பஞ்சு போன்ற வெப்பத்தடுப்பு, ராக் வுல்) ஒரு சுவருக்கு மட்டும் வாங்கலாம், சுவரில் அடித்த சட்டங்களுக்கு நடுவே நீங்களே செருகலாம், எரியவும் எரியாது.

அதனால் 5 மாதம் பொறுங்கள். ரம்பத்தின் தவணை முடிந்ததும் அதே தொகையை மாதாமாதம் தனியே எடுத்து வையுங்கள், ஒரு சுவருக்குச் சேரும்போது ஒரு சுவர், அவ்வளவுதான். கூரையும் கதவும் முதலில், வெயில் அதிகம் இறங்குவது அங்கேதான். சுவரில் ஈரக்கசிவு இருந்தால் அதைச் சரிசெய்து, வயரிங்கும் இழுத்த பிறகே பலகையால் மூடுங்கள், பலகையின் அடி தரையைத் தொடாமல் அரை அங்குலம் விடுங்கள்.

மைத்துனரிடம், "5 மாதம் கழித்து முதலில் கூரை மட்டும்தான், வேலை முடிந்ததும் பணம்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை. கதவிடுக்கில் ஒட்டும் ரப்பர் பட்டைக்கு எந்தக் கடனும் தேவையில்லை, அதை இந்த வாரமே ஒட்டிவிடுங்கள்.