ஃபார்முலா 1 காரில் வரும் 'ஹேலோ' என்றால் என்ன? ரசிகர்கள் அதை ஏன் எதிர்த்தார்கள்?

ஹேலோ என்பது ஓட்டுநரின் தலைக்கு மேலே வளைந்து நிற்கும் டைட்டானியம் சட்டம். எடை சுமார் 7 கிலோதான், ஆனால் 12 டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பது விதி. 2018 முதல் எல்லாக் கார்களிலும் கட்டாயம்.

காரணம் எளிது. இந்தக் கார்களுக்குக் கூரை கிடையாது. உடம்பைச் சுற்றி வலுவான கூடு இருந்தாலும், ஹேலோ வரும்வரை தலைக்கு ஹெல்மெட் மட்டுமே காவலாக இருந்தது. 2009இல் பிரிட்டனில் ஃபார்முலா 2 பந்தயத்தில், வேறொரு காரிலிருந்து கழன்ற சக்கரம் தலையில் மோதி ஹென்றி சர்ட்டீஸ் இறந்தார். அப்போது அவருக்கு வயது 18.

அப்படியும் ரசிகர்கள் கொதித்தார்கள். கார் அசிங்கமாக இருக்கிறது, திறந்த கார் என்ற அடையாளமே போய்விட்டது என்றார்கள். அழகைப் பற்றிய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு உயிருக்கு முன்னால் அது நிற்காது. ஓட்டுநர் ரொமாங் குரோஜானும் முதலில் இதை எதிர்த்தவர்தான். 2020 பஹ்ரைன் பந்தயத்தில் அவருடைய கார் இரும்புத் தடுப்பைப் பிளந்து, இரண்டாக உடைந்து தீப்பற்றியது. தடுப்பைத் தலைக்கு மேல் விலக்கியது ஹேலோ. கைகளில் தீக்காயங்களோடு அவரே வெளியே வந்தார்.

பலர் நினைப்பதற்கு மாறாக, ஹேலோவின் நடுவில் ஓட்டுநருக்கு நேர் எதிரே நிற்கும் கம்பி அவருடைய பார்வையை மறைப்பதில்லை: மூக்குக்கு நேரே ஒரு விரலை நீட்டிக்கொண்டு தூரத்துச் சுவரைப் பாருங்கள், இரண்டு கண்களும் சேர்ந்து சுவரை முழுதாகவே காட்டும்.