வெள்ளைப் புகை வருகிறது, தீ பற்றவில்லை

கேள்வி: எங்களிடம் உள்ள சுடுநீர் பிரஷர் வாஷரில் (தண்ணீரை டீசலால் சூடாக்கி அழுத்தத்துடன் பீய்ச்சும் இயந்திரம்) குளிர்நீர் நல்ல அழுத்தத்துடன் வருகிறது. டீசலை எரிக்கும் பர்னரின் சுவிட்சைப் போட்டு, தண்ணீரைப் பீய்ச்சும் கன்னின் (கைத்துப்பாக்கி போன்ற பிடியின்) விசையை அழுத்தினால் புகைபோக்கி வழியாக டீசல் நெடியுடன் வெள்ளைப் புகை வருகிறதே தவிர, தண்ணீர் சூடாவதில்லை. டீசல் ஃபில்டரையும், டீசலைத் தூவும் நாசிலையும் மாற்றியும் பயனில்லை. டீசல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் காணும் வெள்ளைப் புகை, எரியாத டீசல் நுண்துளிகளாகவும் ஆவியாகவும் வெளியேறுவதுதான். அது வருகிறது என்றால், நீரோட்டத்தை உணரும் ஃப்ளோ சுவிட்ச் வேலை செய்திருக்கிறது; டீசலைத் திறந்துவிடும் மின்வால்வான சோலினாய்டு வால்வு திறந்திருக்கிறது; பம்ப் டீசலைத் தள்ளி, நாசில் அதைத் தூவியும் இருக்கிறது. புகையே இல்லாமல் பர்னர் வெறுமனே சுழன்றால்தான் டீசல் வரும் பாதையைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் இயந்திரத்தில் முதலில் தேட வேண்டியது, அந்தத் தூவலைப் பற்றவைக்கும் மின்பொறியை.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. "இந்த முறை பற்றிக்கொள்ளும்" என்று சுவிட்சை மீண்டும் மீண்டும் போடாதீர்கள். எரியாத டீசல் எரியறையில் தேங்கிக்கொண்டே போய், திடீரென ஒரு பொறி கிடைக்கும் கணத்தில் மொத்தமும் ஒன்றாகப் பற்றி வெடிக்கும். பர்னரை நிறுத்தி, இயந்திரம் ஆறிய பிறகு மின் இணைப்பைத் துண்டித்து, பர்னர் தலையைக் கழற்றி, உள்ளே தேங்கிய டீசலைத் துடைத்தெடுத்துவிட்டே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

இனி, பொறியை உண்டாக்கும் இரு கம்பிகளான எலெக்ட்ரோடுகளைப் பாருங்கள். நாசிலை மாற்றும்போது அவற்றை நகர்த்தாமல் மாற்றுவது கடினம்; ஆகவே, பழைய கோளாறு எதுவாக இருந்தாலும் இப்போது எலெக்ட்ரோடுகளின் இடப்பிசகும் அதனுடன் சேர்ந்திருக்கலாம் என்பது என் ஊகம். இரு முனைகளுக்கும் இடையே பெரும்பாலும் 3 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். உங்கள் மாடலுக்குரிய சரியான அளவும், நாசிலிலிருந்து முனைகள் எவ்வளவு மேலேயும் முன்னேயும் இருக்க வேண்டும் என்பதும் கையேட்டில் படத்துடன் தரப்பட்டிருக்கும். முனைகள் தூவலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் டீசலில் நனைந்து கரி பிடிக்கும். நாசிலின் உலோகத்துக்கு மிக அருகில் இருந்தால், பொறி எதிர் முனைக்குத் தாவாமல் உலோகத்துக்கே தாவிவிடும். எலெக்ட்ரோடைச் சுற்றியுள்ள பீங்கானை நன்றாகத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மயிரிழை போன்ற விரிசலோ கறுப்புக் கோடோ தெரிந்தால் அதைச் சுத்தம் செய்து பயன்படுத்த முடியாது, மாற்றியே ஆக வேண்டும்.

அது சரியாக இருந்தால் அடுத்தது, பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் டிரான்ஸ்ஃபார்மர். அதற்கு மின்சாரம் வந்து சேர்கிறதா என்பதை உள்ளீட்டுப் பக்கத்தில் மட்டும் மல்டிமீட்டரால் அளக்கலாம். வெளியீட்டில் ஏறத்தாழ 10,000 வோல்ட் இருக்கும் என்பதால் சாதாரண மல்டிமீட்டரை அங்கே வைக்கக் கூடாது. ஸ்க்ரூடிரைவரை இரு முனைகளுக்கும் இடையே நீட்டிப் பொறி பார்க்கும் வழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. டீசல் ஆவி சூழ்ந்த இடத்தில் அதைச் செய்வதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

பொறி நன்றாக இருந்தும் தீ பற்றவில்லையென்றால், பர்னருக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தடுப்பு அளவுக்கு மேல் திறந்திருந்து பொறியையும் தூவலையும் காற்று அடித்துக்கொண்டு போகிறதா, டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வைத்தால் தண்ணீர் கீழே தங்கிவிடும். புதிய நாசிலில் பொறித்துள்ள எண்ணும் கோணமும் பழையதில் உள்ளவைதானா என்பதையும் ஒப்பிடுங்கள். 1.25 என்று பொறித்திருந்தால், சுமார் 7 பார் அழுத்தத்தில் மணிக்கு 1.25 அமெரிக்க கேலன், அதாவது ஏறத்தாழ 4.7 லிட்டர் டீசல் தூவும் என்று பொருள். பம்ப் 10 பாரில் அமைக்கப்பட்டிருந்தால் அதே நாசில் ஏறக்குறைய 5.7 லிட்டர் தூவும். எனவே எண் ஒன்றாக இருந்தாலும், அழுத்தம் மாறியிருந்தால் எரிதலும் மாறும். பம்ப்பைப் பற்றிய பேச்சை, அழுத்தமானியைப் பொருத்தி அளந்த பிறகு எடுப்பதே முறை.

கேள்வி: பர்னர் உடனே பற்றுகிறது; ஆனால் சில நொடிகளில் அணைந்துவிடுகிறது. ஏன்?

பதில்: தீயைக் கண்காணிக்கும் ஃபோட்டோசெல் உள்ள இயந்திரமானால், அதன் கண்ணாடியில் கரி படிந்திருக்கக் கூடும். தீ எரிந்துகொண்டிருந்தும் அது தெரியாததால் கட்டுப்பாட்டுப் பெட்டி டீசலை நிறுத்திவிடுகிறது. மென்மையான துணியால் துடைத்துப் பாருங்கள். மறுபடியும் விரைவில் கரி படிந்தால், கலவைக்குப் போதிய காற்று கிடைக்கவில்லை என்று கொண்டு, மின்விசிறியின் இதழ்களையும் காற்று நுழையும் வழியையும் சுத்தம் செய்யுங்கள். ஃபோட்டோசெல்லை ஏமாற்றி பர்னரைத் தொடர்ந்து இயங்கவைப்பது ஆபத்து.

கேள்வி: டீசல் தீர்ந்த பிறகு குளிர்நீரை மட்டும் பயன்படுத்தலாமா?

பதில்: பல மாடல்களில் மின்விசிறியும் டீசல் பம்ப்பும், இயந்திரம் ஓடும்போதெல்லாம் சுழலும் ஒரே மோட்டாரின் அச்சில் இருப்பதால், பர்னர் சுவிட்ச் அணைந்திருந்தாலும் பம்ப் சுழலும். அந்தப் பம்ப்புக்கு உயவுப்பொருள் டீசல்தான். ஆகவே குளிர்நீர் வேலைக்கும் தொட்டியில் கொஞ்சம் டீசல் இருக்கட்டும்.