மூலிகை உள்ளே போன பிறகு: வாசகர் கேள்விகள்

நிலவாகைப் பொடி இரவில் சாப்பிட்டால் காலையில்தான் வயிறு இளகுகிறது. ஏன் இவ்வளவு தாமதம்? (வாசகர், சிவகாசி)

அதிலுள்ள சென்னோசைடுகளைச் சிறுகுடல் உறிஞ்சுவதில்லை. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றை உடைத்த பிறகுதான் அவை மருந்தாகின்றன. 8 மணி நேரம் போல ஆகும். நடுராத்திரியில் இன்னொரு கரண்டி போடாதீர்கள்.

கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறேன். கிரேப்ஃப்ரூட் சாப்பிடலாமா? (வாசகி, கோவை)

எந்த மாத்திரை? பெயர் இல்லாமல் கேட்டால் என்ன சொல்வது! சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் என்றால் வேண்டாம். ரோசுவாஸ்டாட்டின் என்றால் கவலையில்லை. இந்தப் பழம், அந்த மாத்திரைகளை உடைக்கும் சிப்3ஏ4 என்ற குடல் சுவர் நொதியை முடக்கிவிடும். புது நொதி உருவாக 2, 3 நாள் ஆகும். அதனால் காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்துச் சாப்பிட்டும் பயனில்லை.

மஞ்சள்-மிளகு கேப்ஸ்யூல் தினமும் எடுக்கிறேன். ரசத்தில் போடுவதுதானே, பயம் உண்டா? வலிப்புக்கு ஃபெனிடாயினும் சாப்பிடுகிறேன். (வாசகர், மதுரை)

முதலில் எழுத வேண்டியதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் உள்ளே வந்ததும் குடலும் கல்லீரலும் அதில் குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டி வெளியே தள்ளிவிடும். மிளகின் பைப்பரின் அந்த வேலையைத் தடுக்கிறது. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது உடலுக்குக் கிடைத்த குர்குமின் 20 மடங்கானது. டப்பாக்களில் பெரிதாகப் போடுவது இந்த 20ஐத்தான். பைப்பரின் சேராதபோது இரத்தத்தில் இருந்தது மிக மிகச் சொற்பம் என்பதை யாரும் போடுவதில்லை. பைப்பரின் தடுப்பது குர்குமினுக்கான வழியை மட்டுமல்ல என்பதையும் போடுவதில்லை. ஃபெனிடாயின் அளவும் ஏறும். சற்றே மிஞ்சினாலும் தலைசுற்றும், நடை தள்ளாடும்.

ரசத்தோடு ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். கேப்ஸ்யூலில் இருப்பது செறிவூட்டிய சாறு, பெரும்பாலும் 95 சதவீதம். இத்தாலி, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் இத்தகைய கேப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கேப்ஸ்யூலை நிறுத்துங்கள். ஃபெனிடாயினை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. டாக்டரிடம் கேப்ஸ்யூல் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டி, இரத்தத்தில் ஃபெனிடாயின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். “வேறு மருந்து உண்டா?” என்று அவர் கேட்கும்போது “இது மூலிகைதானே” என்று மறைத்துவிடுகிறார்கள். எத்தனை முறை எழுதினாலும் இது மாறவில்லை.

தொண்டைக்கு தினமும் அதிமதுரம் சுவைக்கிறேன். பிரஷர் குறையவே இல்லை. (வாசகி, தஞ்சாவூர்)

குறையாது. அதன் கிளைசிரைசினைக் குடல் பாக்டீரியா மாற்றித் தரும் பொருள், சிறுநீரகத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனை அடக்கும் நொதியைத் தடுக்கிறது. உப்பு தங்கும், பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். இன்றே விடுங்கள். அப்புறம், இதையும் டாக்டரிடம் சொல்லிப் பொட்டாசியம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.