சண்டை பார்க்காத ஐ.என்.ஏ. சிப்பாய் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா 1930களில் மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். 1947 வாக்கில் கப்பலில் ஊர் திரும்பினார். ‘நேதாஜி பட்டாளத்தில் இருந்தேன்’ என்பார். ஆனால் பர்மாவுக்குப் போகவில்லை, சண்டையும் பார்த்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ‘அப்படியென்றால் அவர் சிப்பாயே இல்லை, எங்கேயோ கொடி பிடித்திருப்பார்’ என்கிறார் உறவினர் ஒருவர். இன்னொரு பக்கம், அந்த நேதாஜி பட்டாளமான ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவம்) பெரும்பான்மை தமிழர்களே என்று வாட்ஸப்பில் வருகிறது. எது உண்மை? தாத்தாவின் பெயரை எங்கே, எப்படித் தேடுவது? காக்கி உடையில் ஒரு பழைய படம் மட்டும் வீட்டில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் தியாகி பென்ஷன் கேட்க வழி உண்டா?

எம்.

அன்புள்ள எம்.,

சண்டை பார்க்கவில்லை என்று உங்கள் தாத்தா சொன்னதால்தான் அவர் சொல்வதை நம்பத் தோன்றுகிறது. கதை கட்டுகிறவர்கள் 1944ல் பெரும் சண்டை நடந்த மணிப்பூரின் இம்பாலில் போய்த்தான் நிற்பார்கள். மலாயாவைத் தாண்டாமலே போர் முடிந்த ஐ.என்.ஏ. சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் தோட்டத்துத் தமிழர்களே அதிகம். ஏன் அப்படி ஆனது என்று பார்க்க, அந்தப் படை இரண்டு முறை உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் ஐ.என்.ஏ. போர்க்கைதிகளின் படை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்களை நிறுத்தி, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். ஃபுஜிவாரா 14ஆம் பஞ்சாப் ரெஜிமென்டின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங்கிடம் பொறுப்பைத் தந்தார். செப்டம்பரில் சுமார் 16,000 பேருடன் படை முறையாக அமைந்தது. டிசம்பர் கடைசியில் ஜப்பானியர்களோடு மோதிய மோகன் சிங் கைதானார், படையும் கலைந்தது. இதில் தமிழர்கள் மிகக் குறைவு. காரணம் எளியது. ‘போர்வீர இனம்’ என்றொரு கோட்பாட்டைப் பிடித்துக்கொண்ட ஆங்கிலேயர், 1920களில் மதராஸ் காலாட்படை பட்டாலியன்களை ஒவ்வொன்றாகக் கலைத்துவிட்டார்கள். மலாயாவில் போரிட்ட இந்தியப் பிரிவுகள் பஞ்சாபி, சீக்கிய, டோக்ரா, கட்வாலி, ஜாட், பலூச், கூர்க்கா என்றுதான் இருந்தன. மதராஸ் சாப்பர்ஸ் மாதிரியான பொறியியல் பிரிவுகளில் மட்டுமே தமிழர்களுக்கு இடம் இருந்தது.

இரண்டாவது ஐ.என்.ஏ. சுபாஷ் சந்திர போஸ் வந்த பிறகு அமைந்தது. 1943 ஜூலை 2 அன்று அவர் சிங்கப்பூர் வந்தார். 4ஆம் தேதி, தென்கிழக்காசிய இந்தியர்களின் அரசியல் அமைப்பான இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை, ஜப்பானில் வாழ்ந்த மூத்த புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து ஏற்றார். சில நாட்களில் அவர் வைத்த கோரிக்கை: 3 லட்சம் சிப்பாய்கள், 3 கோடி டாலர். கைதிகளை மட்டும் வைத்து இது நடக்காது என்று தெரிந்தே, தோட்டங்களையும் கடைத்தெருக்களையும் நோக்கி அவர் அதைச் சொன்னார்.

கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நேதாஜியின் பேச்சு ஒரு காரணம், அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தோட்டத்து நிலைமையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பருக்குச் சந்தை இல்லை. வெள்ளைக்காரத் துரைமார்கள் ஓடிவிட்டார்கள், அல்லது சிறையில் இருந்தார்கள். அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளைக் கடத்தினார்கள். வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடிபட்டவர்களில் பல்லாயிரம் பேர் தமிழர்கள். திரும்பாதவர்களின் கணக்கு இன்றுவரை தீரவில்லை. ஐ.என்.ஏ. காக்கியைப் போட்டவனை ரயில் பாதைக்கு இழுத்துக்கொண்டு போவது கஷ்டம். எனவே நாட்டுப்பற்றால் சேர்ந்தவனும் உயிர் பிழைக்கச் சேர்ந்தவனும் ஒரே வரிசையில் நின்றார்கள், பல நேரம் அவர்கள் ஒரே ஆள். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும் வரலாற்றை நான் நம்புவதில்லை.

வந்தவர்களுக்குக் கொடுக்கத் துப்பாக்கி இல்லை. 30,000 பேருக்கு மட்டுமே ஆயுதம் தர ஜப்பானியத் தலைமை ஒப்புக்கொண்டது. அந்த ஆயுதங்களும் சிங்கப்பூரில் பிரிட்டிஷாரிடமிருந்து பறித்த ரைஃபிள்களும் பிரென் இயந்திரத் துப்பாக்கிகளும்தான். பீரங்கி கிட்டத்தட்ட இல்லை. அதற்கு மேல் சேரும் ஆட்களின் செலவை மலாயா இந்தியர்களின் நன்கொடையிலிருந்து போஸ்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சி பெற்ற முன்னாள் கைதிகளுக்கு ஆயுதம் முதலில் போனது. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் கடைசியில் நின்றார்கள்.

மொழி இன்னொரு தடை. கட்டளைகள் எல்லாம் ஹிந்துஸ்தானியில், ரோமன் எழுத்தில். ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த ஆளுக்கு அணிவகுப்போடு அந்த மொழியையும் கற்றுத்தர வேண்டியிருந்தது. சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வடக்கத்தி ஹவில்தார்கள். பயிற்சிக்கு மாதக்கணக்கில் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

படை எப்படிப் பிரிந்திருந்தது என்பதைக் கவனியுங்கள், உங்கள் உறவினருக்கான பதில் அதில் இருக்கிறது. முதல் டிவிஷன் முகம்மது ஜமான் கியானியின் கீழ் இருந்தது. சுபாஷ், காந்தி, ஆசாத், நேரு என்ற பெயர்களில் ரெஜிமென்டுகள் அமைந்தன, பிரிகேட் என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் முன்னாள் ராணுவத்தினரைக் கொண்ட இந்த டிவிஷன்தான் 1944ல் இந்திய எல்லைக்குப் போனது. இரண்டாம் டிவிஷனின் ஆட்கள் 1945ன் தொடக்கத்தில் ஐராவதி ஆற்றங்கரையிலும் போப்பா மலையிலும் நின்றார்கள். மூன்றாம் டிவிஷனில் பெரும்பகுதி மலாயாவில் புதிதாகச் சேர்ந்த குடிமக்கள், அதாவது தமிழர்கள். அது மலாயாவிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் கடல்வழியை அடைத்திருந்தன. ஆட்களைப் பர்மாவுக்குக் கொண்டுபோக அந்த மரண ரயில் பாதையும் நடைபயணமும்தான் மிச்சம். இம்பால் தோல்விக்குப் பிறகு அனுப்புவதிலும் அர்த்தம் இருக்கவில்லை. உங்கள் தாத்தா மூன்றாம் டிவிஷனில் இருந்திருந்தால், பர்மாவுக்குப் போகாதது அவர் பிரிவின் வரலாறு.

போனவர்களின் கதியையும் சொல்லிவிடுகிறேன். இம்பால் களத்துக்குப் போன சுமார் 6,000 பேரில் சண்டையில் இறந்தவர்கள் 400 பேர் என்றும், நோயிலும் பட்டினியிலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,500 பேர் என்றும் பிரிட்டிஷ் உளவுத்துறைக் கணக்கு சொல்கிறது. சுமார் 800 பேர் சரணடைந்தார்கள், 715 பேர் படையை விட்டு ஓடினார்கள், 2,600 பேர் திரும்பினார்கள். எதிரியின் கணக்கு என்பதை மனதில் வைத்தே இதைப் படிக்க வேண்டும். ஆனால் குண்டைவிட மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அதிகம் கொன்றன என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மழைக்கு முன் இம்பாலைப் பிடித்துவிடுவோம், அங்கே கிடைக்கும் உணவை வைத்துச் சமாளிப்போம் என்ற ஜப்பானியக் கணக்கில் சோறும் மருந்தும் ஏற்றிவர வழியே யோசிக்கப்படவில்லை. மழை வந்தது, இம்பால் விழவில்லை.

வாட்ஸப் செய்திக்கு வருகிறேன். இரண்டாம் ஐ.என்.ஏ.வின் மொத்த பலம் சுமார் 40,000. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் குடிமக்கள் என்பதே பொதுவான மதிப்பீடு. குடிமக்களில் தமிழர்கள் பெரும்பான்மை. கைதிகளாக இருந்து சேர்ந்தவர்களையும் சேர்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. அதிகாரிகளில் பஞ்சாபிகளே மிகுதி. தலைமையில் இருந்த தமிழர்களில் முக்கியமானவர் மேஜர் ஜெனரல் ஆற்காடு துரைசாமி லோகநாதன். அவர் மருத்துவர், அந்தமானுக்குத் தலைமை ஆணையராகப் போனவர். 1945 ஏப்ரல் கடைசியில் ஜப்பானியர்கள் ரங்கூனைக் கைவிட்டு ஓடியபோது சில ஆயிரம் ஐ.என்.ஏ. வீரர்களோடு அங்கேயே இருந்து, பிரிட்டிஷ் படை வரும்வரை நகரில் கொள்ளை நடக்காமல் பார்த்துக்கொண்டார். அவரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. கேப்டன் லட்சுமி தலைமை தாங்கிய பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படைக்குத்தான் ‘தமிழர் பெரும்பான்மை’ என்பது சரியாகப் பொருந்தும். ஜானகி தேவர் உட்பட அதன் பெண்களில் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்.

இனி தேடும் வேலை. முதலில் ஒரு வேறுபாட்டை மனதில் இருத்துங்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்களுக்குக் காகிதம் உண்டு. அவர்களைப் பிடித்து இந்தியாவுக்குக் கொண்டுவந்து, நீல்கஞ்ச், ஜிகர்கச்சா, முல்தான், பகதூர்கர் போன்ற முகாம்களில் விசாரித்து, வெள்ளை (விசுவாசமானவர்), சாம்பல் (வழிதவறியவர்), கறுப்பு (தீவிரமானவர்) என்று தரம் பிரித்தார்கள். ஐ.என்.ஏ. அதிகாரிகள் மீது தில்லி செங்கோட்டையில் நடந்த புகழ்பெற்ற ராணுவ வழக்கும் இவர்கள் மீதுதான். ராணுவச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதால் வழக்குத் தொடர முடிந்தது. தோட்டத்திலிருந்து சேர்ந்தவர் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. தலைவர்கள் சிலரைத் தவிர மற்றவர்களைச் சில நாள் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். பலர் 1945 ஆகஸ்டில் சீருடையைக் களைந்துவிட்டுத் தோட்டத்துக்கே திரும்பி, மறுபடி பால் வெட்டப் போனார்கள். ஐ.என்.ஏ.வின் சொந்தப் பதிவுகளில் பெரும்பகுதி பின்வாங்கும்போது அழிக்கப்பட்டது. ஆக, உங்கள் தாத்தாவின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். பெயர் கிடைக்காததை உறவினர் ஆதாரமாகக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆவணக் காப்பகத்துக்கு முன்னால் வீட்டில் விசாரியுங்கள். வயதானவர்களிடம் ‘தாத்தா ஐ.என்.ஏ.வா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்பார்கள், அதனால் பயனில்லை. எந்தத் தோட்டம், எந்த மாநிலம், கங்காணி யார், சேர்ந்தது ஜப்பான்காரன் வந்து எத்தனை நாள் கழித்து, முகாம் எந்த ஊரில், அங்கிருந்து வேறு முகாமுக்கு மாற்றினார்களா, கப்பல் ஏறியது பினாங்கிலா சிங்கப்பூரிலா, இறங்கியது சென்னையிலா நாகப்பட்டினத்திலா என்று கேளுங்கள். சேர்ந்தது 1943 ஜூலைக்குப் பிறகு என்று வந்தால் இரண்டாம் ஐ.என்.ஏ.வோடு பொருந்துகிறது. தோட்டத் தொழிலாளி 1942லேயே சிப்பாயாக இருந்தார் என்றால் சந்தேகப்படுங்கள். அப்போது அவர் பெரும்பாலும் இந்திய சுதந்திரச் சங்கத்தின் உள்ளூர்க் கிளை உறுப்பினராக இருந்திருப்பார். சங்கம் வேறு, படை வேறு. ஆனால் குடும்ப நினைவில் இரண்டும் ‘நேதாஜி கட்சி’ என்று கலந்துவிடும்.

அடுத்து அந்தப் படம். சட்டையின் கையில் பாயும் புலிச் சின்னம் இருந்தால் அது மலாயா படம் அல்ல. அந்தத் தோள்பட்டைச் சின்னம் ஜெர்மனியில் அமைந்த இந்திய லீஜியனுடையது, அதற்கும் தோட்டத் தமிழர்களுக்கும் தொடர்பில்லை. இணையத்தில் சுற்றும் ‘ஐ.என்.ஏ.’ படங்களில் பல இந்த லீஜியன் படங்கள்தான். தென்கிழக்காசியப் படையின் குறிக்கோள் வாசகம் ‘இத்தெஃபாக், எத்மாத், குர்பானி’. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள். தொப்பி, காலர், தோள்பட்டை மூன்றையும் பெரிதாக்கி ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் விடாதீர்கள். ஸ்டூடியோ முத்திரை ஊரைச் சொல்லிவிடும்.

தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன. பாதுகாப்பு அமைச்சகம் 1997ல் 990 கோப்புகளை அங்கே ஒப்படைத்தது. ‘அபிலேக் படல்’ என்ற அதன் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து தேடலாம். அங்கே எல்லோரும் செய்யும் தவறு, தாத்தாவின் பெயரைத் தட்டிப் பார்ப்பது. தேடலில் வருவது கோப்பின் தலைப்பு. உள்ளே இருக்கும் நூறு பெயர்கள் அட்டவணையில் இருக்காது. எனவே முகாம், ரெஜிமென்ட், மலாயா, சங்கக் கிளை என்று தேடி, கிடைக்கும் கோப்பைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். பெயர் கண்ணில் பட்டாலும் உடனே அடையாளம் தெரியாது. ராமசாமி என்பவரை ‘ராம்சாமி’, ‘ராமஸ்வாமி’, ‘ராம் சாமி’ என்று எழுதியிருப்பார்கள். முன்னெழுத்தை விட்டுவிடுவார்கள், அல்லது தகப்பன் பெயரையே ஆள் பெயராக்கிவிடுவார்கள். தகப்பன் பெயர், ஊர், தோட்டம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் ‘இவர்தான்’ என்று முடிவு கட்டாதீர்கள். மலாயாவில் எத்தனை ராமசாமிகள்!

சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பையும் பாருங்கள். ஜப்பானிய ஆட்சிக்காலம் பற்றிய நேர்காணல்கள் அங்கே நிறைய உண்டு, தமிழில் பேசியவையும் சேர்த்து. தாத்தாவின் பெயர் வராது. ஆனால் அவர் இருந்த முகாமின் அன்றாடம் கிடைக்கலாம். அவர் சொன்ன சின்னச் சின்ன விஷயங்களை அதோடு ஒப்பிட்டால், பட்டியலில் பெயர் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட சமமான சான்று.

பென்ஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மத்திய அரசின் தியாகி ஓய்வூதியம் 1972 ஆகஸ்ட் 15 முதல் வந்தது, 1980ல் விரிவாக்கப்பட்டது. ஐ.என்.ஏ.வினருக்கும் அதில் இடமுண்டு. சிறையில் இருந்த சான்று, அல்லது கூட இருந்தவர்களின் சான்றிதழ் கேட்பார்கள். தோட்டத்துச் சிப்பாய்கள் பலர் அங்கேதான் தடுக்கி விழுந்தார்கள். கூட இருந்தவர் மலேசியாவின் ஈப்போவில் இருப்பார், இவர் புதுக்கோட்டையில் இருப்பார். பெற்றவர் காலமான பிறகு அது மனைவிக்கோ கணவருக்கோ, அவர்களும் இல்லையென்றால் மணமாகாத, வருமானமில்லாத மகள்களுக்கோ போகும். பேரப்பிள்ளைகளுக்கு இல்லை. அதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.